சங்கக் கணினியும் எந்திர யானையும்

உதயணனைப் போர்முனையில் பிடிக்க இயலாதென்று உணர்ந்த அவந்தி வேந்தன் பிரச்சோதனன், எந்திர யானை ஒன்றைச் செய்வித்து, அதன் வயிற்றில் வீரரை ஒளித்துக் காட்டில் விட்ட வரலாற்றைப் பெருங்கதை கூறுகிறது. யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் உதயணன் அதனை மெய்யான யானையென்றே எண்ணித் தானே நெருங்கிச் சென்று சிறைப்பட்டான். கிரேக்கரின் டிராய் நகரத்து மரக்குதிரையும் இத்தன்மையதே. அக்குதிரையின் பெயரால் 'டிரோஜன்' என வழங்கும் தீய நிரல் ஒன்று, இன்று நெசவாளர் சங்கங்களிலும் தொடக்க வேளாண்மைச் சங்கங்களிலும் உள்ள கணினிகளுள் நுழைகின்றது. அதனை நீக்கும் வழி பலருக்கும் ஒருவாறு தெரியும். ஆயினும் நிர்வாகக் குழுவினர் அதற்குக் குறுக்கே நிற்கின்றனர் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லுகிறேன்.

வைரஸ் என்பது தன்னைத் தானே படியெடுத்துப் பரவுவது. டிரோஜன் அவ்வாறு தாவுவதில்லை. பயனுள்ள பொருளென்று நம்பி ஒருவர் அதைத் திறக்க வேண்டும். நூல் விலைப்பட்டியல் என்ற பெயரில் மின்னஞ்சலில் ஒரு கோப்பு வரும். பெயரில் 'பி.டி.எஃப்.' என்றிருக்கும், அதன் பின்னே 'இ.எக்ஸ்.இ.' என்னும் மெய்யான வால் இருக்கும். விண்டோஸ் வழக்கமாக அந்த வாலை மறைத்து விடுவதால் அது கண்ணிற்படாது. விவசாய அங்கத்தினர்களுக்கோ இது கைப்பேசி வழியே வருகிறது. பி.எம். கிசான் உதவித்தொகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும், திருமண அழைப்பு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் 'ஏ.பி.கே.' கோப்பை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் தந்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் நமக்குத் தெரியுமுன் கள்வனுக்குத் தெரிந்துவிடும்.

நம்மவர் தேடிக்கொள்ளும் வழியும் ஒன்றுண்டு. உரிமம் பெற்ற மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க மனமின்றி, யாரோ ஒருவரிடம் திருட்டுப் படி வாங்கிக் கணினியில் ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றும்போது, 'வைரஸ் தடுப்பைச் சற்று நேரம் அணைத்து வைக்கவும்' என்ற குறிப்பும் உடன் வரும். காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விருந்தாளியை உள்ளே அழைப்பது போன்றது இது. தணிக்கையின்போது இதனை நான் சுட்டிக்காட்டினால், 'சிக்கனம்' என்று விடை வருகிறது.

உள்ளே புகுந்த டிரோஜன் ஓசையின்றிப் பணிபுரியும். தட்டும் எழுத்துகளைக் குறித்துக் கொள்ளும். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க வழி திறக்கும். வேறு தீய நிரல்களையும் அழைத்து வரும். இத்தகைய களவு ஓசையின்றி நடப்பதற்கு 2018 பிப்ரவரியில் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில் நிகழ்ந்ததே சான்று. வங்கியின் அயல்நாட்டுப் பணப்பரிமாற்ற அமைப்பில் புகுந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று உத்தரவுகளாக வெளியே அனுப்ப முயன்றனர். ஒப்புகைச் செய்திகளை அச்சிடும் அச்சுப்பொறியையும் செயலிழக்கச் செய்தனர். அச்சுப்பொறி ஓடவில்லையென்றால் நாமெல்லாம் மை தீர்ந்தது என்றல்லவா நினைப்போம்! மறுநாட் காலை கணக்கை ஒப்பிட்டபோதுதான் வஞ்சனை வெளிப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 1906-இல் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் தீய நிரலின் துணையால் 94 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோயிற்று. போலி அட்டைகளால் 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. பெரிய வங்கிகளின் கதை நமக்கெதற்கு என்று கேட்போருக்கு ஒரு சொல்: 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளித்த ஒரு நிறுவனம் தாக்குண்டபோது, முன்னெச்சரிக்கையாகப் பணப்பரிமாற்றத்தினின்று பிரித்து வைக்கப்பட்டவை ஏறத்தாழ 300 கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமே.

என் ஆய்வு எல்லையிலுள்ள ஒரு சங்கத்தில் கணக்கெழுத்தர் ஒருவர் இத்தகைய கோப்பைத் திறந்துவிட்டார். திரை ஒருமுறை மினுங்கியது. தடுப்பு மென்பொருள் அணைந்தது. ஏதோ பிழையென்று அவருக்கு அப்பொழுதே தெரியும். எனினும் பன்னிரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. முன்னொரு முறை ரொக்கத்தில் ஏற்பட்ட சிறு குறைவைக் குழுவினர் விசாரணையின்றி அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்திருந்தனர். ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை வங்கிக் கணக்கில் இருந்தமையால் பணம் தப்பியது. அப்பன்னிரண்டு நாட்களுக்கு யார் பொறுப்பு? எழுத்தரைப் பார்க்கிலும் குழுவே பொறுப்பு என்று என் அறிக்கையில் எழுதினேன். தலைவருக்கு அது உவப்பாக இல்லை.

ஐயம் தோன்றிய கணமே இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அக்கணினியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டலாகாது. வேறொரு தூய கணினியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு அறிவிக்க வேண்டும். பணம் போயிருப்பின் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். பின்னர், விண்டோஸ் இயங்கத் தொடங்குமுன்னரே சோதிக்கும் 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை நடத்தலாம். கடிதம் தட்டும் கணினிக்கு அது போதலாம். பணம் கையாளும் கணினிக்குப் போதாது. பொன்மலைப் பணிமனைக்குப் பழுதுபார்க்க வரும் எஞ்சினை மேலே துடைத்து வண்ணம் பூசியா அனுப்புகிறார்கள்? பிரித்துப் பார்த்தல்லவா பூட்டுகிறார்கள்! அதுபோல வட்டை முழுவதும் அழித்து, விண்டோஸையும் மென்பொருளையும் புதிதாக நிறுவி, கேடு புகுந்த நாளுக்கு முந்தைய காப்புப் படியிலிருந்து கணக்குகளை மீட்க வேண்டும். காப்புப் படி எப்பொழுதும் கணினியிலேயே செருகிக் கிடந்தால் அதுவும் உடன் கெடும்; எடுத்துப் பெட்டகத்தில் பூட்டுங்கள். கைப்பேசியாயின், அச்செயலிக்குத் தந்த நிர்வாகி அனுமதியை நீக்கிச் செயலியை அகற்றுக; அகலாவிடில் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை நிலைக்குத் திருப்புக.

இவ்வளவும் முதல் மணி நேரத்தில் தொடங்கினால் பயன் தரும். பதின்மூன்றாம் நாளில் தொடங்கினால் என்ன பயன்? ஆதலின் அடுத்த குழுக் கூட்டத்திலேயே, தவறுதலாகக் கோப்பைத் திறந்து அன்றே அறிவிக்கும் ஊழியர் மீது பிடித்தமோ நடவடிக்கையோ இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் படியைக் கணினி அறையில் ஒட்டிவைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உரிமம் பெற்ற மென்பொருளுக்கான தொகையை இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று அங்கத்தினர்கள் பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அவ்வுரிமை அவர்களுக்கு உண்டு. மேற்சொன்ன சங்கத்தில் அத்தீர்மானம் இன்னும் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை.