நூல் கட்டப் பழகும் விடுமுறை

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாணவர்கள் பலர் வேலை தேடத் தொடங்கிவிடுகின்றனர். பேரங்காடி, உணவகம், கைப்பேசிக் கடை என எங்காவது சேர்ந்து, தேர்வு முடிவு வரும்வரை கொஞ்சம் பணம் ஈட்டுகின்றனர். அதில் தவறில்லை. ஆயினும், தமிழை ஒரு பாடமாக எடுத்தவர்களுள் சிலரேனும் அந்த மாதங்களை நூல் உருவாகும் கூடம் ஒன்றில் பயிற்சியாளராகக் கழிக்க வேண்டும். தமிழைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. தமிழ் எழுத்தைத் தாளில் பிழையின்றி நிறுத்தத் தெரிந்தவர்களே தேவைப்படுகின்றனர்.

பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் திருமண அழைப்பிதழ்களும் திருவிழாப் பதாகைகளும் ஆண்டு முழுவதும் அச்சாகின்றன. சில வேளைகளில், 'கோவில்' என்னும் சொல்லில் கொம்பு இடம் மாறி, ககரத்திற்குப் பின்னால் நிற்பதைக் காணலாம். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படி நேரும். வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பிழை அவர் கண்ணில் படாது. அழைப்பிதழைப் பெறும் தாத்தாவின் கண்ணில்தான் முதலில் படும்!

எழுத்தைக் கையால் தொட்டுப் பழகியவருக்கு இந்தப் பிழை உடனே புலப்படும். மலாக்காவில் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராயல் பிரஸ் அச்சகம் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்டது. ஈய எழுத்தில் 'கோ' என்பது ஒரே துண்டு அன்று. இரட்டைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளைக் கோக்க வேண்டும். 'கு', 'மு' போன்றவற்றின் உருவம் அவ்வாறு பிரியாததால், அவற்றுக்குத் தனித்தனி வார்ப்புகள் தேவை. எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிவதால், கோப்பவர் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் அட்டவணையாக மனனம் செய்த உயிர்மெய் எழுத்துகளின் கட்டமைப்பு, இங்கே விரல் நுனியில் விளங்குகிறது.

இதைப் பழங்காலத் தொழில் என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் 1994ஆம் ஆண்டு கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம், கையால் அச்சிட்டுக் கையால் தைத்த நூல்களை உலகெங்கும் விற்பனை செய்கிறது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவரின் படைப்பான 'மரங்களின் இரவு வாழ்க்கை' குறித்த அதன் ஆங்கில நூல், 2008ஆம் ஆண்டு இத்தாலியின் போலோனியா குழந்தை நூல் கண்காட்சியில் விருது பெற்றது. கறுப்பு நிறக் கைத்தாளில், ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனித் திரை வழியாக அச்சிட்டு, ஒன்று உலர்ந்த பிறகே அடுத்ததை ஏற்றுகின்றனர். தாள் சற்று நகர்ந்தாலும் அந்தப் பக்கம் வீண். வெளிநாட்டு இளையோரும் பயிற்சிக்காக அப்பதிப்பகத்தை நாடி வந்துள்ளனர்.

பெற்றோர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். "சம்பளம் இல்லாத வேலைக்குப் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும்?" இது நியாயமான கேள்வியே. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று வரவும் மதிய உணவுக்கும் செலவாகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்க்கும் பயிற்சியால் சமூகத்திற்குப் பெரும்பயன் இல்லை. ஆகவே, கூடங்கள் சிறு உதவித்தொகையாவது வழங்க வேண்டும். தமிழ் அமைப்புகள் அதில் பங்கேற்கலாம். பயிற்சி என்ற பெயரில் தரையைப் பெருக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் ஒருவரை வைத்திருப்பது பயிற்சியே ஆகாது. அதே வேளையில், மாணவர்களும் பொறுமை காக்க வேண்டும். முதல் சில வாரங்கள் தாளை மடிப்பதிலும் ஓரம் வெட்டுவதிலும் கழியலாம். தாளின் இழை ஓடும் திசையைக் கவனிக்காமல் மடித்தால், நூல் சரியாகத் திறக்காது என்பதை அப்போதுதான் கை கற்றுக்கொள்கிறது.

பெரிய நூற்கூடம் அருகில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிரிக்ஃபீல்ட்சில் அழைப்பிதழ் அச்சிடும் கடை ஒன்று, தமிழ் படித்த மாணவர் ஒருவரை வாரத்தில் மூன்று நாள் மெய்ப்புப் பார்க்கவும் தாள் வெட்டவும் அமர்த்திக்கொள்ளலாம். பள்ளியின் ஆண்டு மலரில் சில படிகளையேனும் மாணவர்களே தைத்துக் கட்டலாம். அதற்கு ஊசியும் நூலும் ஒரு பிற்பகலும் போதும்.