ஹெக்டேர் இல்லாதவள்

தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். 1873ல் கட்டி முடித்தது. அதன் வடகால் கடைமடையில், கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில், அடுத்தவன் வயலில் நாற்று நட்டே எங்களை வளர்த்தாள் எங்கம்மா.

இந்தத் தண்ணீருக்கு இரண்டே தரப்பாம். ஒன்று விவசாயி. மற்றது 20 எம்.ஜி.டி. குழாயில் வாங்கிய தூத்துக்குடி ஆலைகள். 2018 நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ஆலைகளுக்குக் கொடுக்காதே என்றது. சந்தோஷம், நாங்களும் கோஷம் போட்டவர்கள்தாம். ஆனால் விவசாயி என்றால் யார் தோழர்களே? பட்டா வைத்திருப்பவன். தண்ணி வரலன்னா அவனுக்குப் பயிர் போகும், எங்களுக்கு உலை போகும். பயிரை எழுத விஏஓ வருவார். உலையை எழுத எவன் வந்தான்? கூலி கேட்டுப் போன மாஞ்சோலை ஊர்வலத்தை அடித்து விரட்டி, 1999 ஜூலை 23ல் 17 உயிர் போனதும் இதே ஆற்றில்தான்.

2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ரேசன் கார்டுக்கு 6,000 ரூபாய் அறிவித்தார்கள், மறைக்கவில்லை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. களையெடுப்புக்கூலி, அறுப்புக்கூலி போனதற்கு?

கணக்கெடுக்க வந்தவர் கேட்டார்: “ஒனக்கு எத்தன ஹெக்டேரும்மா?”

“அளந்து பாக்கல அய்யா. குனிஞ்சே நட்டதுல தெரியல.”