திறந்த வீட்டின் இருட்டு மூலை

"மூல நிரல் திறந்துதானே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று பெருமை பேசுகிறோம். சரி, பார்த்தவர் யார்? மூலத்தை இறக்கி ‘கன்ஃபிகர்’ என்று தட்டினால் திரையில் கேள்விகள் சரசரவென ஓடும்: லினக்ஸா, மேக்ஓஎஸ்ஸா, எந்த கம்பைலர், எந்த நூலகம் எங்கே. 1991-இல் வந்த ஆட்டோகான்ஃப் எழுதித் தருகிற ஸ்கிரிப்ட் அது, ஆயிரக்கணக்கான வரிகள். நான் ஒருநாளும் படித்ததில்லை, நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். அந்த மூலையில்தான் 2024-இல் திருடன் பதுங்கினான். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கிட் களஞ்சியத்தில் இல்லாத நச்சு வரிகள் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தன. 64-பிட் இன்டெல் வகை லினக்ஸில், ஜிசிசி கொண்டு, டெப் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டும்போது மட்டுமே அந்த நச்சு விழிக்கும். அதே மூலத்தை மேக்ஓஎஸ்ஸில் தொகுத்தால் பரம சாது. ஆள் பார்த்துக் கடிக்கிற நாய்! அந்த நச்சால், தொலைக் கணினிக்குள் புகும் வழியான எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவிய நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று குட்டை உடைத்தார். தணிக்கை எதுவும் பிடிக்கவில்லை, ஒரு மனிதரின் எரிச்சல் பிடித்தது. பொதி கட்டுகிறவர்களே, யாரோ கட்டித் தந்த டார் கோப்பை நம்பாதீர்கள். களஞ்சியத்திலிருந்தே எடுங்கள், கன்ஃபிகரை உங்கள் கணினியிலேயே உருவாக்குங்கள்.