மதிலோரம் நிற்கும் மகள்கள்



2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. ஆழிப்பேரலை நம் புதுவைக் கரையையும், தெற்கே கடலூர்க் கரையையும் மோதிய நாள். நம் சபை அரிசியும் பாயும் கொடுத்தது, ஜெபித்தது. ஆறு மாதத்தில் நம் கரிசனை ஓய்ந்தது.

கடலூரில் மாரியப்பன் என்னும் பயிற்சியாளரோ, அலையால் பாதிக்கப்பட்ட சிறுமிகளுக்குக் கால்பந்து கற்பித்தார். ஆண்டுகள் பல கடந்தும் அப்பணியை விடவில்லை. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசனும் சுமித்ரா காமராஜும் இந்திய அணி வரை உயர்ந்தார்கள். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று, தேசிய மகளிர் கோப்பையை முதன்முறையாகக் கொண்டுவந்தார்கள்.

துயருற்ற பிள்ளைக்கு உணவு மட்டும் போதாது; நாள்தோறும் அவளுக்காகக் காத்திருக்கும் ஒருவரும் வேண்டும். இதை நான் அவருடைய பணியில் கற்றேன்.

நம் ஆலய வளாக மைதானத்தில் மாலைதோறும் ஆண்பிள்ளைகளே ஆடுகிறார்கள். பன்னிரண்டு வயதானதும் நம் மகள்கள் மதிலோரம் நின்று பார்க்கிறார்கள். அவர்களைத் தடுக்கும் வசனம் ஒன்றையும் நான் வேதத்தில் கண்டதில்லை. தடுத்தது நம் வழக்கமும், மூப்பர்களுக்கு அஞ்சிய என் மௌனமுமே. யவீருவின் மகளுக்கும் வயது பன்னிரண்டுதான். ஆண்டவர் அவளைக் கைப்பிடித்து எழுப்பினார், அவள் நடந்தாள். நாமோ அதே வயதில் நம் மகள்களை உட்காரவைக்கிறோம்.

வாரத்தில் மூன்று மாலைகளைச் சிறுமிகளுக்கு ஒதுக்கும்படி வருகிற சபைக்குழுவில் கேட்கப்போகிறேன். பெற்றோரே, அன்று உங்கள் மகளை அனுப்புவீர்களா?