அணை கேட்கிற நாமே இதையும் கேட்போம்!

 

அழகர் அணையைக் கட்டு என்று வருடக்கணக்கில் கேட்டு வருகிறவர்கள் நாம். கண்மாய் வத்தினால் நம் பொழைப்பும் வத்திப்போகும். ஆகவே அணையே கூடாது என்று சொல்ல வரவில்லை. அணைக்கு நிலம் கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறோம்.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. டெல்டா அதைப் புகழ்கிறது, புகழட்டும். தண்ணீர் குறையும்போது பண்ணவாடியில் நந்தியும் சர்ச் கோபுரமும் தலை நீட்டும், டி.வி.க்காரர்கள் ஓடிவந்து படம் பிடிப்பார்கள். அங்கே கும்பிட்ட குடிகள் எங்கே போனார்கள் என்று எவனாவது கேட்டானா?

நர்மதையில் சர்தார் சரோவர் அணை, 1450 மெகாவாட் மின்சாரம். கால் பங்குக்கு மேல் நிலம் இழந்த குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் நிலம் தர வேண்டும் என்று 1979-லேயே நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் நடந்தது என்ன? நிலம் இல்லை, பணத்தை வாங்கிக்கொள் என்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கியதாகக் காட்டிய பத்திரங்களில் ஏராளம் போலி! நீதிபதி ஜா கமிஷன் விசாரித்து 2016-ல் அறிக்கை கொடுத்தது. 2017-ல் சுப்ரீம் கோர்ட் 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்சம் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்து 38 வருடம் கழித்து! கோர்ட்டுக்கு நடக்க முடியாமல் செத்தவன் கணக்கை யார் பார்த்தார்கள்? 2019-ல் அணை முழுசாக நிரம்பியபோது பட்வானி, தார் மாவட்டங்களில் ஆள் குடியிருக்கும்போதே வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது.

வடநாட்டு சங்கதி நமக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நமக்கும்தான். பாசனத் திட்டத்தில் நிலம் இழந்து நிலமற்றவனாகவோ குறு விவசாயியாகவோ ஆகிறவனுக்கு அதே அணையின் ஆயக்கட்டில் குறைந்தது ஒரு ஏக்கர் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் 'கூடியவரை' என்று ஒரு வார்த்தையை நுழைத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை போதாதா, அதிகாரிகள் நழுவ? மூன்று வருடமாக அங்கே பாடுபட்ட குத்தகைக்காரனும் கூலிக்காரனும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்றும் சட்டம் சொல்கிறது. பட்டா இல்லையே என்று எவனாவது விரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அழகர் அணையோ வேறு எந்த அணையோ, முதலில் மாற்று நிலத்தைக் காட்டு, பட்டாவைக் கையில் கொடு, பிறகு அஸ்திவாரம் தோண்டு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவோம்!