நிழல் இல்லாத ஊரில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்?

கோடை விடுமுறையில் பிள்ளைகள் கைபேசியே கதியென்று கிடப்பதாகக் குறைபட்டுக்கொள்கிறோம். வெளியே போய் விளையாட அவர்களுக்கு நிழலுள்ள இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறோமா?

குன்றத்தூருக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பரில் அதன் உபரிநீரும் சேர்ந்து அடையாறு பெருக்கெடுத்ததில் தென்சென்னைப் புறநகர்கள் மூழ்கின. 2019 கோடையில் அதே ஏரி வறண்டது. வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றிப் பேசும் நாம், வெப்பத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வயலும் தோப்பும் இருந்த இடங்களில் எழும்பிய கான்கிரீட் கட்டடங்கள், பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியிடுகின்றன. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வையும் எளிதில் உலர்வதில்லை. முதியோரும் குழந்தைகளுமே முதலில் துவண்டுபோகிறார்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவுதான். ஆனால் உயிர் போகாமல் தடுக்க உள்ளூரில் வேலை நடக்க வேண்டும்.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஏரியைச் சீரமைத்து, கரையில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். குன்றத்தூர் நகராட்சியின் பகுதி சபைக் கூட்டங்களில் நாமும் கேட்போம்: பூங்காவிலும் மைதான ஓரங்களிலும் வேம்பும் புங்கனும், பக்கத்திலேயே குடிநீர்க் குழாய், அஸருக்குப் பின் பெண்களும் முதியோரும் நிம்மதியாக நடக்க ஒரு பாதை. சாலையும் சாக்கடையும் கேட்டு மனு கொடுக்கும் நாம், அந்த மனுவிலேயே நிழலையும் சேர்த்து எழுதலாம்.