கொடை வேறு, கடன் வேறு

ஏலகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. கபிலரும் ஔவையும் ஒரு பக்கம், பாரியும் ஓரியும் மறுபக்கம். பாடுவோர் பரிசில் பெறுவர், கொடுப்போர் புகழ் பெறுவர் என்னும் பழைய உறவின் நினைவுச் சின்னம் அப்பாதை. இலக்கியத்தில் அவ்வுறவு பெருமைக்குரியது. ஆனால் அதே மலையின் வடக்கே, பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், அரசும் தொழிலதிபர்களும் புரவலரும் இரவலருமாக நின்று பேசும் வழக்கம் பெருமைக்குரியதன்று. மனு கொடுப்பதும் சலுகை அறிவிப்பதும் நன்றி தெரிவிப்பதுமாகவே அவ்வுறவு முடிந்துவிடுமானால், உலகச் சந்தையில் இவ்வட்டாரம் நிலைத்து நிற்க அது போதாது.

காலம் கடுமையானது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 விழுக்காட்டைத் தொட்டது. ஆம்பூர்க் காலணிக்கு ஐரோப்பாவே பழைய வாடிக்கையிடம் என்றாலும், இந்தியத் தோல் பொருள்களை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் அமெரிக்கா முன்வரிசையில் இருக்கிறது. அந்த வரிக்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் வணிக உடன்பாடு, நம் தோலுக்கும் காலணிக்கும் அங்கு வரியில்லாமல் நுழைய வழிவகுத்தது. ஒரு கதவு அடைபட, மற்றொன்று திறந்தது. இரண்டும் ஆம்பூரில் முடிவானவை அல்ல. சென்னைக் கோட்டையிலும் முடிவானவை அல்ல. வாஷிங்டனும் இலண்டனும் புதுடில்லியும் எடுக்கும் முடிவுகளை மாற்றும் வல்லமை நமக்கில்லாதபோது, நம் கையில் இருப்பவற்றைச் செப்பனிட்டுக்கொள்வதே போட்டித்திறன். நீர், உப்பு, மின்சாரம், கைத்திறன், ஆய்வுக்கூடம், தொழிலாளர் நலம் ஆகிய ஆறும் நம் கையில் இருப்பவை. அவற்றுள் ஒன்றையும் அரசு தனித்துச் செய்துவிட இயலாது. ஆலையும் தனித்துச் செய்துவிட இயலாது.

இவ்வட்டாரத்தின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாறு ஓர் உண்மையை மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது. தோல் தொழிலை உயர்த்தியவற்றுள் சலுகைகளைவிட நிபந்தனைகளே வலியவை.

முதற்சான்று 1970-களில் கிடைக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை மூட்டை மூட்டையாகக் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்புவதே அதுவரை தமிழ்நாட்டு வணிகம். அங்கே அது காலணியாகவும் கைப்பையாகவும் மாறிப் பன்மடங்கு விலை பெற்றது. 1972-இல் இந்திய அரசு அமைத்த சீதாராமய்யா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து பச்சைத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது; அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் அளவு வகுக்கப்பட்டது. பழைய வணிகத்தின் கழுத்தை நெரிக்கும் ஆணையாகவே அது அன்று தோன்றியிருக்கும். ஆனால் முழுமையாக முடித்த தோல், அதன்பின் காலணியின் மேற்பாகம், அதன்பின் முழுக் காலணி என்று இவ்வட்டாரம் படிப்படியாக ஏறியது அந்த ஆணைக்குப் பின்னரே. அரசு நிபந்தனையை மட்டும் விதித்துவிட்டு ஒதுங்கவில்லை. 1948-இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாயுடம்மா போன்ற அறிவியலாளர்களின் தலைமையில், ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பை ஆலையின் ஊறுதொட்டி வரை கொண்டுசேர்த்தது.

இரண்டாம் சான்று வெளியிலிருந்து வந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. 1994-இல் சிலவகை அசோ சாயங்களுக்கும் அந்நாடு தடை விதித்தது. ஜெர்மனியை நம்பியிருந்த ஆலைகள் திகைத்தன. அப்போது அரசு, ஆராய்ச்சி நிறுவனம், ஆலை உரிமையாளர்கள் ஆகிய மூவரும் ஒருங்கே செயல்பட்டார்கள். மாற்று மருந்து தேடப்பட்டது. சோதனை வசதிகள் பெருகின. இந்தியாவிலும் பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை வந்தது. சந்தை கைநழுவவில்லை. அரசும் தொழிலும் கூடிச் செயல்படுவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டியதில்லை.

மூன்றாம் சான்றுதான் நெஞ்சைச் சுடுவது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதையும், இத்தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வையும் அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இவ்வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஆலை இயங்கக்கூடாது என்று ஆணையிடப்பட்டது. அரசுகளின் மானியமும் ஆலைகளின் பங்குத்தொகையும் வங்கிக் கடனும் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு அவை உயர்த்தப்பட்டன. இன்று ஐரோப்பிய வணிக நிறுவனம் ஒன்று ஆம்பூரில் தோல் வாங்கத் துணிகிறதென்றால், அந்நிலையங்கள் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆலைகள் சுமையென்று எதிர்த்த ஏற்பாடு அவற்றுக்கே நற்சான்றாக மாறியிருக்கிறது.

ஆயினும் கணக்கு முடியவில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் சென்று பார்த்தால் அது விளங்கும். சவ்வூடு வடிகட்டலில் நல்ல நீர் பிரிந்து மீண்டும் ஆலைக்குப் போகிறது. எஞ்சிய கரிப்பு நீர் ஆவியாக்கிகளில் கொதித்து வற்றுகிறது; மின்சாரமும் விறகும் அங்கே தின்னப்படுகின்றன. கடைசியில் மிஞ்சுவது உப்பு: அழுக்கேறிய, பல உப்புகள் கலந்த, எந்தத் தொழிலும் வாங்காத உப்பு. மூட்டைகளிலும் குவியல்களிலும் கொட்டகைகளின் கீழ் அது ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது. மழை ஒருநாள் உள்ளே புகுந்தால், பல கோடி ரூபாய் செலவிட்டுப் பிரித்தெடுத்தது மீண்டும் பாலாற்றுக்கே போகும். கசடும் அப்படித்தான். 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுக் கசட்டுத் தொட்டியின் சுவர் நள்ளிரவில் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பிழைப்புக்காக வங்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுள் பெரும்பாலோர். இராணிப்பேட்டையிலேயே 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற நச்சுக்குவியல் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரைக் கெடுத்துவந்தது. அவ்வாலையின் பங்குதாரர்களாகவும் அரசு நிறுவனங்கள் இருந்தன என்பதை ஆட்சியாளர் மறந்துவிடலாகாது.

உழவர்க்கு உரிய இழப்பீடும் நிலுவையில் நிற்கிறது. 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 29,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக 2001-இல் கணக்கிட்டது. கால் நூற்றாண்டு சென்றது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் ஆணையிட்டது. ஒரு தலைமுறை உழவர் நீதிமன்றப் படியேறியே முதுமையடைந்தது அரசுக்கும் பெருமை தராது, ஆலைகளுக்கும் பெருமை தராது.

இவ்வட்டாரத்து வணிகர்கள் கொடையில் குறைந்தவர்கள் அல்லர். 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரியும், 1965-இல் தொடங்கிய மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் வணிகர்களின் வள்ளன்மையில் விளைந்தவை. பல்லாயிரம் ஏழை மாணவர்கள் அங்குக் கற்று உயர்ந்தனர். அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் கொடை வேறு, கடன் வேறு. கொடை விரும்பிச் செய்வது. கடன் செய்தே தீர வேண்டியது. கல்லூரி கட்டித் தந்ததனால் கிணறு கெட்ட கணக்கு தீர்ந்துவிடாது. அவ்வாறே அரசும், மானியம் அறிவித்துவிட்டதாலேயே தன் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. கொள்கை அறிவிக்கும் விழாவில் மாலையும் கைத்தட்டலும் பெறுவது எளிது. உப்புக் கொட்டகைக்கு ஒரு முடிவு காண்பது அரிது. அரிய செயலுக்குத்தான் ஆட்சி தேவைப்படுகிறது.

தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. 20,000 கோடி ரூபாய் முதலீடும் 2 லட்சம் வேலைவாய்ப்பும் அதன் இலக்குகள். அதன்பின் வந்த பெருமுதலீடுகள் பெரும்பாலும் தோல் அல்லாத காலணியைச் சார்ந்தவை. பெரம்பலூர் எறையூரில் கோத்தாரி குழுமமும், உளுந்தூர்ப்பேட்டையில் தைவானின் பௌ சென் நிறுவனமும், இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபு நிறுவனமும் அவற்றுள் அடங்கும். பனப்பாக்கம் ஆலை 1,500 கோடி ரூபாய் முதலீட்டில் 25,000 பேருக்கு வேலை தரும் என அறிவிக்கப்பட்டது. உலகில் விற்கும் காலணிகளில் மிகப் பெரும்பங்கு தோல் அல்லாதவை என்ற நிலையில் இத்திசை சரியானது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வரவேற்பு எச்சரிக்கையோடு கூடியது. பெருநிறுவனத்துக்குத் தனி நிலமும் தனிச் சலுகைத் தொகுப்பும் கிடைக்கின்றன. பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் சிறு ஆலைக்காரருக்கு அவை எட்டுவதில்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் மாதக் கட்டணத்தைச் செலுத்தவே அவர் திணறுகிறார். இனிவரும் சந்தையோ ஒவ்வொரு தோலும் எங்கிருந்து வந்ததென்று கேட்கும். காடழிப்பு நடந்த நிலத்திலிருந்து வராத பொருள் எனச் சான்று கோரும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றியது. விதிகள் திருத்தப்படலாம், நாள்கள் தள்ளிப்போகலாம்; கேள்வி மட்டும் நீங்காது. பெரிய ஆலைகள் விடை சொல்லிவிடும். சந்தையில் ஈரத்தோல் வாங்கி உப்புத் தட்டிப் பதனிடும் சிறியவர், பொது ஏற்பாடு இன்றி என்ன விடை சொல்வார்?

இத்தாலியின் சாந்தா குரோச்சே வட்டாரத்தைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான சிறிய, நடுத்தர ஆலைகள் கொண்ட அவ்வூர், கூட்டமைப்பாகச் சேர்ந்தே கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது; பயன்படுத்திய குரோமியத்தைத் திரும்ப எடுக்கும் பொது நிலையத்தையும் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. சிறியவர் சிறியவராகவே இருந்து உலகின் விலையுயர்ந்த தோலை அங்கு விற்க முடிகிறது. நம் வட்டாரத்திலும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்கெனவே ஆலைகளின் கூட்டு உடைமை. அவற்றைத் தண்டனைக்கு அஞ்சிக் கட்டிய கட்டடங்களாக எண்ணாமல், தோலின் மூலம் அறியும் பதிவேடு, வேதிப்பொருள் சோதனை, குரோமிய மீட்பு, உப்புப் பிரிப்பு அனைத்தும் நடக்கும் பொதுத் தொழிற்கூடங்களாக வளர்ப்பதே அறிவுடைமை.

தொழிலாளரை மறந்து போட்டித்திறன் பேசுவது வெற்றுப்பேச்சு. காலணி ஆலைகளில் தைப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஏலகிரி அடிவாரத்துச் சிற்றூர்களிலும் விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு சாலையோரம் நின்று ஆலை வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அவர்களே. புதிய பேராலைகள் வந்தபின், திறன் பெற்ற கைக்குப் பழைய ஆலையும் புதிய ஆலையும் போட்டியிடும். அப்போட்டி கூலியையும் பணிச்சூழலையும் உயர்த்துமானால் நன்று. குழந்தைக் காப்பகம், பாதுகாப்பான பயணம், பதவி உயர்வுக்கு வழி, வீட்டிலிருந்து மேற்பாகம் தைப்போர்க்கும் உரிய கூலி ஆகியவை இல்லாத ஆலையில் கைகள் தங்கா. கைகள் தங்காத இடத்தில் தரமும் தங்காது.

ஆகவே அரசும் தொழிலதிபர்களும் அடுத்துக் கூடும்போது நாம் எதிர்பார்ப்பவை இவை. சலுகை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கடமை எழுதப்பட வேண்டும். மின்கட்டணச் சலுகை பெறும் சுத்திகரிப்பு நிலையம், தேங்கிய உப்பைக் குறைக்கும் ஆண்டு அளவை ஏற்க வேண்டும். உப்பைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் ஆய்வுக்கு அரசும் ஆலைகளும் அடையாற்று நிறுவனமும் பொதுநிதி ஒதுக்க வேண்டும். நீதிமன்றம் ஆணையிட்ட இழப்பீடு, புதிய மானியம் எதற்கும் முன்னதாக உழவர் கைக்குச் சேர வேண்டும். பேச்சுமேசையில் உழவர்க்கும் தொழிற்சங்கத்துக்கும் இருக்கை வேண்டும். கூட்டமும் சென்னை விடுதிகளில் மட்டுமன்றி, அரையாண்டுக்கு ஒருமுறை திருப்பத்தூரிலோ இராணிப்பேட்டையிலோ நடந்து, அதன் தீர்மானங்களும் நிறைவேற்றமும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தது ஆட்சி மக்களுக்கு அருகில் வரவேண்டும் என்பதற்காகத்தானே?

இதனால் முதலீடு அஞ்சி ஓடிவிடும் என்பார் உண்டு. ஐம்பது ஆண்டு வரலாறு அதற்கு மறுமொழி. தடை வந்தபோது காலணி பிறந்தது. ஜெர்மனி மறுத்தபோது சோதனைக்கூடம் வளர்ந்தது. நீதிமன்றம் கண்டித்தபோது சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. மூன்று முறையும் பிறர் கட்டாயப்படுத்திய பின்னரே நாம் நகர்ந்தோம் என்பதுதான் குறை. நான்காம் முறையாவது நாமே முன்வந்து நகர வேண்டும். அடுத்த தோல் கொள்கையின் முதற்பக்கத்தில் முதலீட்டுத் தொகை இருக்கட்டும். எந்தக் கடமை, யாரால், எந்த ஆண்டுக்குள் முடிக்கப்படும் என்னும் அட்டவணை அதன் இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டாம் பக்கம் இல்லாத கொள்கையை வரவேற்கும் கடப்பாடு பாலாற்றங்கரை மக்களுக்கு இல்லை.